தூக்க முடியாத காலுக்குத் துணை



குடும்ப நலம் என்றால் அளவான குடும்பம், தடுப்பூசி, கர்ப்பிணி கவனிப்பு இவை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்குக் கால் வலுவிழந்தால் குடும்பமே தள்ளாடுகிறது. வயல் வேலை நிற்கிறது, சமையல் நிற்கிறது, பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு தங்குகிறது. ஆகவே இதுவும் குடும்ப நலம் சார்ந்த விஷயம்தான்.

“காலையிலே நல்லாத்தான் நடக்கிறா. வெயில் ஏறினா காலை இழுக்கிறா. வேலைக்குப் பயந்து நடிக்கிறாளோன்னு எங்கம்மா கேக்கறாங்க” என்று சொல்லும் கணவன்மார் உண்டு. “நிலைப்படியிலே கால் தட்டித் தட்டி விழறேன். யாரோ ஏதோ செஞ்சு வச்சுட்டாங்க” என்று சொல்லும் மனைவிமாரும் உண்டு. நடிப்பும் இல்லை, செய்வினையும் இல்லை. இப்படிக் கால் இழுப்பதற்கு ஒரு நோய் காரணமாக இருக்கலாம். அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்.

இது என்ன நோய்?

பம்புசெட்டுக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். உள்ளே கம்பி, மேலே உறை. உறை நைந்து போனால் கரண்டு சரியாகப் போய்ச் சேராது, மோட்டார் திணறும். மோட்டாரில் கோளாறு இல்லை, வழியில்தான் கோளாறு. நம் உடம்பிலும் அப்படித்தான். மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள நரம்பு இழைகளுக்கு மேல் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் சக்தியே ஆள் தெரியாமல் இந்த உறையை அரிக்கிறது. “காலைத் தூக்கு” என்று மூளை சொல்லும் செய்தி பாதி வழியில் மங்கிப் போகிறது.

1868-ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்து டாக்டர் ஷார்கோ இந்த நோயைத் தெளிவாக விவரித்துவிட்டார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அதாவது, கல்யாணமாகி, கைக்குழந்தையும் குடித்தனமுமாக இருக்கிற வயதில் வருகிறது. நம் நாட்டில் மேல்நாடுகளைவிடக் குறைவு; ஆனால் இல்லாமல் இல்லை.

இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். எம்.எஸ். உள்ளவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. எனவே, “இந்த வீட்டுல பொண்ணு எடுக்கக் கூடாது” என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. கால் இழுத்தாலே எம்.எஸ். என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொழுநோய், சர்க்கரை நோய், முதுகுத் தட்டு விலகல், பக்கவாதம் ஆகியவற்றாலும் பாதம் தொங்கிப் போகும். எது என்பதை டாக்டர் பார்த்து, வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துத்தான் சொல்ல முடியும். எம்.எஸ். நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் திடீர்த் தாக்குதலைத் தணிக்கவும், அடுத்த தாக்குதல்களைக் குறைக்கவும் மருந்துகள் இருக்கின்றன. மருந்து ஒரு கை. கருவி மறு கை. இந்தத் துண்டுப் பிரசுரம் அந்த மறு கையைப் பற்றியது.

கால் எங்கே மாட்டுகிறது?

கருவி வாங்குவதற்கு முன் இதைக் கவனியுங்கள். ஒருவர் நடக்க, மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

1. முன்பாதம் தொங்கி, கட்டைவிரல் தரையைச் சுரண்டுகிறதா? செருப்பின் நுனி மட்டும் தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் கணுக்காலைத் தூக்கும் தசைக்குச் செய்தி சரியாகப் போகவில்லை.

2. தொடையே மேலே எழும்பவில்லையா? படி ஏறவும், கட்டிலில் காலை ஏற்றவும், வண்டியில் காலைத் தூக்கிப் போடவும் கையால் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் இடுப்பைச் சேர்ந்த தசை தளர்ந்திருக்கிறது.

3. கால் மரக்கட்டை போல விறைக்கிறதா? அது வேறு விஷயம். விறைப்புக்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. விறைத்த காலில் பலவந்தமாகக் கருவியை மாட்டக் கூடாது.

கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கால் தொங்கத் தொடங்கும் என்பதையும் மறக்காதீர்கள். டாக்டர் அறையில் பத்தடி நடந்து காட்டினால் ஒன்றும் தெரியாது. “எத்தனை தூரம் போனா இழுக்குது” என்பதைச் சொல்லுங்கள்.

கால் தூக்கும் பட்டை

மிக எளிய கருவி இதுதான். விறைப்பான ஒரு நீளப் பட்டை. ஒரு முனையில் பாதம் நுழைய ஒரு வளையம், மறு முனையில் கை பிடிக்க ஒரு வளையம். கட்டிலில் ஏறவும், சக்கர நாற்காலியின் கால்தாங்கியில் பாதத்தை வைக்கவும், ஆட்டோவில் காலை உள்ளே எடுக்கவும் இது உதவும். நாள் முழுதும் “கொஞ்சம் காலைத் தூக்கி விடுங்க” என்று இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதில்லை. ராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு விலை கிடையாது.

கடையில் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். நாடாக் கட்டிலுக்குப் பின்னும் அகலப் பருத்தி நாடா போதும். உட்கார்ந்து காலை நீட்டி, உள்ளங்காலில் இருந்து இடுப்பு வரை அளந்து கொள்ளவும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். வளையங்களுக்குத் தனியாகத் துணி விடவும். நாடாவை இரண்டாக மடித்துத் தையற்காரரிடம் கொடுத்து நெருக்கமாகத் தைக்கச் சொல்லவும். நடுப்பகுதியில், இரண்டு மடிப்புக்கும் இடையே, ஓரம் இழைத்த மெல்லிய மூங்கில் பத்தையை வைத்துத் தைத்தால் பட்டை துவளாமல் நிற்கும். குனியாமலே பாதத்தை வளையத்துக்குள் விடலாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. நைலான் கயிறு வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் அறுத்தால்கூடத் தெரியாது. சுருக்கு முடிச்சும் வேண்டாம். இழுக்க இழுக்க இறுகும். வளையம் தைத்ததாக, அகலமாக, பாதம் சுலபமாக வெளியே வரும்படி இருக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை:

- கட்டிலில் தொடை முழுவதும் பதியும்படி நன்றாகப் பின்னால் தள்ளி உட்காரவும். விளிம்பில் உட்கார்ந்தால் வழுக்கி விழ நேரும்.
- வளையத்தைப் பாதத்தின் நடுவில் மாட்டவும். விரல் நுனியில் மாட்டினால் நழுவும்.
- இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து, உடம்பை மெல்லத் தலையணைப் பக்கம் சாய்த்துக்கொண்டே காலை மேலே எடுக்கவும். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். வெடுக்கென்று இழுத்தால் கால் விறைத்துக் கொள்ளும்.
- ஒரு காலை வைத்து மூச்சு விட்டுக்கொண்டு, பிறகு மறு காலை எடுக்கவும்.
- வேலை முடிந்ததும் பட்டையைக் கழற்றிக் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டவும். பட்டையைப் பாதத்தில் மாட்டியபடி எழுந்து நிற்கக் கூடாது.

தொங்கும் பாதத்துக்கு

கணுக்கால் தாங்கி: ‘ட’ எழுத்தைப் போல வளைந்த பிளாஸ்டிக் தகடு. கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் செல்லும். பாதத்தைத் தொங்க விடாமல் நிறுத்தும். காலுக்கு மாவுக்கட்டு போட்டு அளவெடுத்துச் செய்வதே நல்லது. அடுத்தவர் போட்டதை வாங்கி மாட்டாதீர்கள்.

வெறும் தாங்கியோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் வழுக்கும். பின்வார் உள்ள செருப்பு வேண்டும். தாங்கி நுழைய ஓரளவு பெரிய அளவாக வாங்க வேண்டும். இரண்டு விரலால் கவ்வும் ரப்பர் செருப்பு இந்த நோயாளிக்கு ஆகாது. முதல் நாள் ஒரு மணி நேரம் போடுங்கள். நாளுக்கு நாள் கூட்டுங்கள். கழற்றியதும் வெளிச்சத்தில் காலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் தாங்கி உறுத்துகிறது என்று பொருள். மறுபடி போடாமல், செய்து கொடுத்த இடத்துக்கே எடுத்துச் சென்று சரி செய்யச் சொல்லுங்கள். அடிப்பாதத்தைப் பார்ப்பது கணவன் அல்லது மனைவியின் அன்றாடக் கடமையாக இருக்கட்டும்.

பாதம் தூக்கும் இழுபட்டை: கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டி, அதிலிருந்து ஷூவின் கயிறு கட்டும் இடத்துக்கு ஒரு ரப்பர்ப் பட்டை. லேசாகத் தொங்கும் பாதத்துக்கு இதுவே போதும். தாங்கியைவிட இலேசு, வெயிலுக்கும் தோது. ஆனால் கயிறு கட்டும் ஷூ போட வேண்டும்.

தொடை எழும்பாவிட்டால்

இடுப்பில் ஒரு பட்டி, அதிலிருந்து ஷூ வரை இறங்கும் நீண்ட ரப்பர்ப் பட்டைகள் என்று ஒரு கருவி உண்டு. காலை முன்னே எடுத்து வைக்கும்போது ரப்பர் சுருங்கிக் காலைத் தூக்கிக் கொடுக்கும். அமெரிக்காவில் எம்.எஸ். நோயாளிகள் 21 பேருக்கு இதை மாட்டிப் பார்த்து, நடை மேம்பட்டதாக 2008-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் பக்கத்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. இயன்முறை மருத்துவர் பார்த்து அளவு சொன்னால்தான் பயன். வீட்டில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிப் பார்க்க வேண்டாம். முழங்கால் பின்னால் வளைந்து கெட்டுவிடும்.

மின்தூண்டல் கருவி

1961-இல் லிபர்சன் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் கண்ட வழி இது. முழங்காலுக்குக் கீழே ஒரு சிறிய பட்டி. குதிகால் தரையை விட்டு எழும்போது, பாதத்தைத் தூக்கும் நரம்புக்கு மிகச் சிறிய மின் துடிப்பு போகும். பாதம் தானே எழும். எம்.எஸ். நோயில் முதுகுத் தண்டிலிருந்து தசைக்குப் போகும் நரம்பு பொதுவாகக் கெடுவதில்லை. மேலே வரும் செய்திதான் தடைப்படுகிறது. அதனால்தான் இது வேலை செய்கிறது. இளம்பிள்ளை வாதத்தில் தசையை இயக்கும் நரம்பணுவே பட்டுப் போவதால் இதே கருவி பலன் தராது. ஒருவருக்கு ஆனது இன்னொருவருக்கு ஆகும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதன் விலை அதிகம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கடன் வாங்கி வாங்குவதற்கு முன், மருத்துவமனையில் ஒருமுறை மாட்டி நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கைத்தடி வெட்கமில்லை

“இந்த வயசுல தடி ஊனவா?” என்று கேட்காதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிடத் தடி ஊன்றுவது மேல். தடியை நலிந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியில் ரப்பர் குமிழ் கட்டாயம். தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

படியில் ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நலிந்த கால் முன்னே. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், அவர்களே ஞாபகப்படுத்துவார்கள்.

வீட்டைச் சீர் செய்யுங்கள்

- உயர்ந்த நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சிமெண்டுச் சரிவு போடலாம்.
- கால் தடுக்கும் சாக்கு, மடிந்த பாய், ஒயர் இவற்றை நடைவழியில் போடாதீர்கள்.
- உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரத்தில் கட்டில் இருக்கட்டும். தாழ்ந்த கட்டிலுக்குக் கால்களின் கீழ் உறுதியான மரக்கட்டை வைக்கலாம்.
- கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதியுங்கள். குந்த முடியாதவருக்கு நடுவில் துளையிட்ட நாற்காலி போதும்.
- சேலையைக் கணுக்கால் தெரியக் கொஞ்சம் உயர்த்திக் கட்டலாம். தொங்கும் பாதம் சேலை ஓரத்தில் மாட்டித்தான் பல பெண்கள் விழுகிறார்கள்.

வெயிலும் சூடும்

உடம்பு சூடானால் நைந்த நரம்பில் செய்தி இன்னும் மங்கும். 1890-இல் உட்டாஃப் என்ற ஜெர்மன் டாக்டர் இதைக் கண்டு எழுதினார். களையெடுக்கப் போனவர் உச்சி வெயிலில் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். நிழலில் அமர்ந்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு, தண்ணீர் குடித்து உடம்பு குளிர்ந்தால் கால் பழையபடி வரும். கனமான வேலையைக் காலை நேரத்திலேயே வைத்துக் கொள்ளுங்கள்.

கால் மரத்திருக்கிறது என்று கொதிக்கும் ஒத்தடம் கொடுப்பது, சூடு போடுவது, அடுப்பருகே காலை நீட்டுவது எல்லாம் ஆபத்து. சூடு தெரியாத கால் வெந்து புண்ணாகும்.

கணவன் மனைவிக்கு

உதவி செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. காலைத் தூக்கிவிடும்போது ஒரு கை முழங்காலுக்கு அடியில், மறு கை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும். விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். இடுப்பை வளைத்துத் தூக்கினால் நாளைக்கு வீட்டில் இரண்டு நோயாளி. “தூக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் தூக்குங்கள். தானே செய்ய முடிந்ததைத் தானே செய்ய விடுங்கள்.

எம்.எஸ். இருந்தால் பிள்ளை பெறக் கூடாது என்பது தவறு. கர்ப்ப காலத்தில், அதிலும் கடைசி மூன்று மாதத்தில், தாக்குதல்கள் பொதுவாகக் குறைகின்றன. பிரசவத்துக்குப் பிந்திய முதல் மூன்று மாதத்தில் கூடுகின்றன. அந்த மாதங்களில் வீட்டு வேலைக்கு ஆள் துணை இருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். எம்.எஸ். மருந்துகளில் சில கருவுக்குக் கேடு செய்யும். ஆகவே கரு உண்டாவதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். மருந்து சாப்பிடுபவர் கணவராக இருந்தாலும் கேட்க வேண்டும். நீங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது. நடமாட்டம் மிகக் குறைந்த பெண் கருத்தடை மாத்திரை தொடங்குமுன் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. அவருக்கு வேறு முறைகள் இருக்கின்றன.

கால் இழுக்கும் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் கொடுங்கள். பால் கொடுப்பதும் கொஞ்சுவதும் அவருடைய உரிமை. தூக்கி நடப்பது அப்பாவின் வேலையாக இருக்கட்டும்.

தாம்பத்தியமும் முடிந்து போவதில்லை. அசதி இல்லாத நேரத்தையும், கால் விறைக்காத நிலையையும் இருவரும் பேசி அறிந்து கொள்ளலாம். “அம்மா வீட்டுக்கு அனுப்பிடலாமா?” என்ற யோசனை வந்தால், நோய் உங்களுக்கு வந்திருந்தால் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை சிகிச்சை வீடு தேடி வரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதில் ஒன்று. மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றுக் கொண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தாங்கி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி, உதவித்தொகை ஆகியவற்றுக்கு மனுக் கொடுங்கள்.

ஒருநாள் முழுக்க நீடிக்கும் புதிய பலவீனம், ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கல், சிறுநீர் கட்டிக் கொள்ளல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல்: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போகவும். எழுந்து போக முடியாவிட்டால் 108-ஐ அழைக்கவும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கால் இழந்தவர்களுக்கும் முடங்கியவர்களுக்கும் மறுவாழ்வுப் பணியைக் கட்டி எழுப்பினார். கால் நின்ற இடத்தில் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கும் சாட்சி அது.

ஆகவே தம்பதியரே, இன்றைக்கே செய்ய ஒரு வேலை சொல்கிறேன். மருத்துவமனைக்குப் போகும் நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். அதுவரை நடைவழியில் கிடக்கும் சாக்கை எடுத்து ஓரமாக வையுங்கள். அளவுக்கேற்ற நாடா வாங்கி, தையற்காரர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

நலிந்த காலுக்குத் தேவை இரக்கமல்ல, ஏற்ற கருவியும் இணையின் துணையும்!